பெயரில்லாக் கிராமவாசி

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, பதினெட்டு வயதில், வீடியோ கேம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள் ஆவோபா. சின்ன வயதில் அவள் சோறு தண்ணீர் மறந்து விளையாடிய ‘ஃபேரீஸ் ஸ்டோரி’யைச் செய்தவர்கள் இவர்கள்தான். அதன் மூன்றாம் பாகம் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த விளையாட்டின் பாத்திரங்களை வரைந்த யாகாமி கோ என்ற பெண்தான் இனி அவளுக்கு மேலாள். இவ்வளவு பொருத்தமும் கூடி வந்த பிறகு அவளிடம் தரப்படும் வேலை, ஒரு கிராமவாசியைச் செய்வது.

நாயகன் கடந்துபோகும் ஊரில் சும்மா நிற்கிற ஆள். பேச்சுக் கொடுத்தால் ஒரு வரி சொல்வார். பொத்தானை மறுபடி அழுத்தினால் அதே வரியை மறுபடி சொல்வார். அவருக்குப் பெயர் கிடையாது. விளையாடுகிறவர்கள் நின்று அவர் முகத்தைப் பார்ப்பதும் கிடையாது. அந்த முகத்துக்காகத்தான் ஆவோபா பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முப்பரிமாண மென்பொருளைப் பழகுகிறாள். செய்து காட்டுகிறாள், யாகாமி திருப்பி அனுப்புகிறாள். திருத்திக் கொண்டுபோகிறாள், அதுவும் திரும்பி வருகிறது.

‘நியூ கேம்!’ என்ற இந்த ஜப்பானியப் படக்கதையில் (மங்காவில்) எனக்கு முதலில் பிடித்துப்போன இடம் இது. திரும்பி வரும் வேலையை அவமானமாகவும் காட்டாமல், பின்னால் வரப்போகும் வெற்றிக்கு முன்கட்டணமாகவும் காட்டாமல், அன்றைய நாளின் ஒரு பகுதியாக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

*

தாளில் வரைந்த உருவம் ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும். விளையாட்டில் நடமாடும் உருவத்துக்கு முதுகு வேண்டும். முன், பக்கம், பின் என மூன்று கோணங்களில் வரைந்துகொண்டு, கைகளை விரித்து நிற்கும் பொம்மையாகக் கணினியில் வடித்து, மேலே தோலும் துணியும் போர்த்தி, உள்ளே எலும்புகளைப் பொருத்தி, அசைவு கொடுப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஓவியர் தாளில் மறைத்த சந்தேகமெல்லாம் அப்போது வெளிவந்துவிடும். அந்தச் சட்டைக்குப் பின்னால் பொத்தான் உண்டா? தலையைத் திருப்பினால் பின்னல் தோளுக்குள் புகுந்துவிடாதா?

யாகாமி சலிக்காமல் திருப்பி அனுப்புவதில் கொடுமையை நான் காணவில்லை. ஊர் என்று ஒன்றை நம்ப வைக்க வேண்டுமானால், அதில் நிற்கிற யாரோ ஒருவரும் ஒழுங்காக நின்றாக வேண்டும்.

*

தொகுனோ ஷோதாரோ இதை ஹோபுன்ஷா பதிப்பகத்தின் ‘மங்கா டைம் கிராரா காரட்’ என்ற மாத இதழில் 2013 முதல் 2021 வரை தொடராக வரைந்தார். புத்தகமாகத் தொகுத்தபோது 13 தொகுதிகள். டோகா கோபோ நிறுவனம் 2016-லும் 2017-லும் இரண்டு பருவங்கள் அனிமேயாக (அசைபடமாக) எடுத்தது. பலருக்கு அனிமே வழியாகத்தான் இது தெரியும். எனக்குப் பக்கங்களே மேல் என்று படுகிறது. காரணம் அதன் வடிவம்.

இது நான்கு கட்டப் படக்கதை. பக்கத்துக்கு இரண்டு பத்தி. வலப் பத்தியை மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு இடப் பத்திக்கு வர வேண்டும். ஒவ்வொரு நாலு கட்டத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. ஜப்பானியருக்கு நாளிதழ் வழியே பழகிய வடிவம்தான். ஹசேகாவா மச்சிகோவின் ‘சசாஎ-சான்’ 1946-ல் இப்படித்தான் தொடங்கி 1974 வரை ஓடியது. எடுப்பது, தொடர்வது, திருப்புவது, முடிப்பது என்று சீனக் கவிதையிலிருந்து வந்த ஓர் இலக்கணத்தை இதற்குச் சொல்வார்கள்.

அலுவலக நாளுக்கு இதைவிடப் பொருந்தும் வடிவம் வேறு இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே நாள் முழுவதும் ஓடுகிற ஒரே கதை என்று எதுவும் இல்லை. ஒரு கோப்பு திறக்கிறது, ஒருவர் காபி கொண்டுவருகிறார், மேலாள் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். நாலாவது கட்டத்தில் சிரிப்பு வர வேண்டும் என்பது மரபு. தொகுனோ பல இடங்களில் அங்கே ஒரு முகத்தை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சிரிப்பு வந்ததா என்று நமக்கே சரியாகத் தெரிவதில்லை.

*

ஈகிள் ஜம்ப் என்ற அந்த நிறுவனத்தை டோக்கியோவின் மேற்கில், அசகாயா ரயில் நிலையப் பக்கமாக வைத்திருக்கிறார்கள். சூவோ ரயில் பாதையில் உள்ள உண்மையான ஊர். நீண்ட கூரையிட்ட கடைத்தெருவுக்கும் தனபாதா விழாவுக்கும் பெயர்பெற்றது. உயரமான கண்ணாடிக் கட்டடங்களின் டோக்கியோ இது அல்ல. மளிகை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் நடக்கிற தெரு.

அந்த ஊரிலிருந்து மாடி ஏறி உள்ளே போனால் விசித்திரம்தான். முதல் நாள் காலையிலேயே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள். இரவு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே படுத்திருந்தவள், இடுப்புக்குக் கீழே உள்ளாடை மட்டும். அவள்தான் யாகாமி. ஹாஜிமே அசைவுகள் வடிவமைப்பவள். பொம்மை வாளை எடுத்து இருக்கைகளுக்கு நடுவே வீசிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யுன் பள்ளி விழாவுக்குப் போகிறவள்போல லேசும் சுருக்கமும் வைத்த உடையில் வந்து, கான்சாய் வட்டாரப் பேச்சில் எல்லாரையும் மெல்லக் கிண்டல் செய்கிறாள். நிரலாளர் உமிகோவின் மேசையில் பொம்மைத் துப்பாக்கிகள். அஹாகோன் என்ற தன் ஒக்கினாவாக் குடும்பப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுவிட்டால் அவள் முகம் மாறிவிடும். இயக்குநர் ஹாஸுகி வேலையைவிட அழகான பெண்களைச் சேர்த்து வைப்பதில் ஆர்வமானவள்போலத் தெரிகிறாள். கலை இயக்குநர் ரின் மட்டும்தான் அங்கே ஒழுங்கானவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, யாகாமி மீது அவளுக்கு உள்ள பிரியம் எவ்வளவு என்று தெரியவருகிறது.

இதையெல்லாம் வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஹாஜிமே வாள் வீசுவது அவள் தொழிலில் சேர்ந்தது. அசைவுக் கலைஞர்கள் உலகெங்கும் எழுந்து நின்று நடந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து வரைகிறார்கள். மற்றவர்களின் விசித்திரத்துக்கு அப்படித் தொழில் காரணம் எதுவும் இல்லை. நாளெல்லாம் வேறு யாரோ கேட்டபடி வரைந்துகொண்டிருப்பவருக்குத் தன் மேசையும் தன் உடையுமாவது தன்னுடையதாக இருக்க வேண்டியிருக்கிறது.

*

ஹிஃபூமியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வேலையில் ஆவோபாவுக்கு மூத்தவள். முதல் நாள் ஆவோபா அவளிடம் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். பதில் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. ஏதோ கோபம் போலிருக்கிறது என்று புதியவள் பயந்துபோகிறாள். நிறுவனத்துக்குள் செய்தி அனுப்பும் வசதியில் எழுதிப் பார் என்று சொல்லித் தருகிறார்கள். எழுதுகிறாள். உடனே திரையில் கொட்டுகிறது: துள்ளும் முகங்கள், சிரிக்கும் முகங்கள், வாய் ஓயாத ஓர் ஆளின் உற்சாகம். தலையைத் திருப்பினால் அதே ஹிஃபூமி, உதடு பிரியாமல், குனிந்த தலையோடு. கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இருவரும் விசைப்பலகை ஒலியில் பேசிக்கொள்கிறார்கள்.

முதல் வாசிப்பில் இது நகைச்சுவைதான். அப்புறம்தான் அந்த அறையிலுள்ள மற்றவர்களைக் கவனித்தேன். அவள் பேசாததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ‘கொஞ்சம் கலகலப்பாக இருக்கக் கூடாதா’ என்று கேட்கவில்லை. அவளோடு பேசுவதற்கு எது வழியோ அதைக் கண்டுபிடித்து, புதிதாக வந்தவளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அவள் வரையும் பாத்திரங்கள் நன்றாக இருக்கின்றன. வீட்டில் ஒரு முள்ளெலி வளர்க்கிறாள். அதற்கு மேல் யாரும் துருவுவதில்லை.

பின்னால் ஒரு கட்டத்தில் பாத்திர வடிவமைப்புக் குழுவுக்கு அவளையே தலைவியாக்குகிறார்கள். இந்த இடத்தில் எனக்குக் கவலை வந்தது. கூச்சம் போய்விட்டது, மலர்ந்துவிட்டாள் என்று எழுதிவிடுவார்களோ என்று. எழுதவில்லை. தலைவியான பிறகும் ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்குப் பாரம்தான். இளையவர்களைக் கூப்பிட்டுக் குறை சொல்ல வேண்டிய நாளில் வயிற்றைப் பிசைகிறது. சொல்ல வேண்டியதைத் திக்கித் திக்கிச் சொல்கிறாள், கேட்பவர்கள் அவள் முடிக்கும்வரை இருக்கிறார்கள். தொடரில் எனக்கு மிக நெருக்கமானவள் இவள்தான். ஆவோபா இரண்டாவது.

*

ஒரு குறை. குறை என்று சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த அலுவலகத்தில் ஆண்களே இல்லை என்று சொல்லிவிடலாம். கிராரா இதழ்களின் வழக்கம் அது. பெண்கள் மட்டும் உள்ள சின்ன உலகம், வாசகர்களில் கணிசமானவர்கள் ஆண்கள். ஜப்பானிய வீடியோ கேம் தொழில் உண்மையில் ஆண்கள் நிறைந்த இடம். அவர்களை அழித்துவிட்டால் கூடவே பல விஷயங்கள் அழிந்துபோகின்றன. ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம், கல்யாணம் எப்போது என்ற கேள்வி, விருந்தில் மேலாளுக்கு மது ஊற்றிக்கொடுக்கும் கட்டாயம் எதுவும் இங்கே வராது. வரவேற்பு விருந்து வருகிறது. இருபது வயது நிரம்பாத ஆவோபா குடிக்க முடியாமல் மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். 2004-ல் அன்னோ மொயோகோ தொடங்கிய ‘ஹதராகி மேன்’ பத்திரிகை ஆசிரியர் குழுவில் வேலைசெய்யும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதில் இவையெல்லாம் முகத்தில் அறைகிற மாதிரி இருக்கும். யாகாமியின் மேசையடித் தூக்கத்தை எத்தனை முறை காட்டினாலும், அந்தக் கோணம் ஓவியரின் தேவை என்பதைவிட விற்பனையின் தேவை என்பது தெரிந்துவிடுகிறது. ஆவோபாவை நடுநிலைப்பள்ளிச் சிறுமி என்று எல்லாரும் தவறாக நினைக்கும் சிரிப்பும் எனக்கு உவப்பாக இல்லை.

ஆனால் ஆண்கள் இல்லாததால் வேறொன்று கிடைக்கிறது. திறமை, பொறாமை, பதவி, தோல்வி ஆகிய இந்த நான்கும் பெண்களுக்கிடையே மட்டும் நடக்கின்றன. யாரும் யாருக்கும் காதலியோ மனைவியோ ஆகி அந்தக் கதை திசைமாறிவிடுவதில்லை.

*

விளையாட்டு வெளிவரும் நாள் நெருங்க நெருங்க இவர்கள் அலுவலகத்திலேயே இரவு தங்குகிறார்கள். போர்வை வருகிறது, படுக்கைப் பை வருகிறது, ஆவோபாவுக்கு முதல் இரவு சுற்றுலா போலவே இருக்கிறது. நிரந்தர ஊழியர் ஆக்குவதே மிகைநேரப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்று சிரிப்பாக ஓர் இடத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். சிரிப்புதான்.

அனிமேயின் முதல் பருவம் 2016 ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது. அதே செப்டம்பர் கடைசியில், தெந்த்சு என்ற மாபெரும் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத 24 வயதுப் பெண் ஊழியர் 2015 டிசம்பரில் உயிரை மாய்த்துக்கொண்டது மிதமிஞ்சிய வேலையால்தான் என்று தொழிலாளர் ஆய்வு அலுவலகம் ஏற்றுக்கொண்டது. நாடே அதைப் பேசியது. 2017-ல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 5 லட்சம் யென் அபராதம் விதித்தது. 2018-ல் சட்டம் வந்தது: மிகைநேரம் மாதத்துக்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி. எவ்வளவு நெருக்கடி என்றாலும் ஒரு மாதத்தில் 100 மணியைத் தொடக் கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து நடைமுறை.

இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படுக்கைப் பைப் பக்கங்களுக்குத் திரும்பினால் வாசிப்பு மாறுகிறது. தொகுனோ பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டாக விழித்திருந்து ஒன்றை முடிக்கும் சந்தோஷம் உண்மை. அந்தச் சந்தோஷத்தை வைத்துத்தான் மனிதர்களைப் பிழிகிறார்கள் என்பதும் உண்மை. இந்த மங்கா முதலாவதை மட்டும் வரைகிறது. இரண்டாவதை வாசகர் தாமே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

ஆவோபா வடிவமைத்த சோஃபியா என்ற பாத்திரத்துக்கு ஒப்புதல் கிடைக்கிறது. கிராமவாசிக்குப் பிறகு பெயருள்ள ஓர் ஆள். அப்புறம்தான் தெரிகிறது, கதையில் சோஃபியா செத்துப்போகிறாள். ஆவோபா இடிந்துபோகிறாள். உருவத்தைத் தந்தவளிடம் விதியை யாரும் கேட்கவில்லை.

வாசிக்கும்போது அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ நினைவுக்கு வந்தது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் எழுதிய நாவல். படம் எடுப்பவர்களின் உலகில், படத்தில் தெரியாதவர்களைப் பற்றியது. அதன் நிறம் வேறு, இருட்டு வேறு. இங்கே இருப்பதோ பஞ்சுமிட்டாய் நிறம். ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: செய்தவர் எங்கே?

யாகாமி தன் பெயர் எல்லாருக்கும் தெரிந்த பிறகு, மிக இளம் வயதில் கலை இயக்குநர் ஆனவள். தன்னால் முடிந்தது மற்றவர்களுக்கும் முடியும் என்று நினைத்துக் கடுமையாக இருந்திருக்கிறாள். புதிதாக வந்த ஒருத்தி தாங்காமல் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதன்பின் அந்தப் பதவி வேண்டாம் என்று யாகாமி விலகிக்கொண்டாள். ஆவோபாவின் கிராமவாசியை அவள் திருப்பி அனுப்பும்போதெல்லாம் குரலில் இருக்கும் பதமான தயக்கத்துக்குக் காரணம் இப்போதுதான் நமக்குத் தெரியவருகிறது.

*

அடுத்த விளையாட்டு ‘பெகோ’. பொம்மைகளின் உலகம். ஆவோபாவின் யோசனை எல்லாருக்கும் பிடித்துப்போய், பாத்திரங்களை வடிவமைக்கும் முதன்மைப் பொறுப்பு அவள் கைக்கு வருகிறது. வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. எல்லாம் நன்றாகப் போகும்போது பதிப்பிக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வருகிறது. விளம்பரங்களிலும் பெட்டியின் மேலும் வரப்போகும் முதன்மைப் படத்தை யாகாமி வரையட்டும். விற்பனைக்கு அந்தப் பெயர் வேண்டும்.

படத்தில் இருப்பவர்கள் ஆவோபாவின் ஆட்கள். படம் மட்டும் இன்னொருவருடையது. யாகாமி கொதிக்கிறாள். ஆவோபாவுக்கும் அது நியாயமில்லை என்று தெரியும், அதோடு அதை மாற்ற முடியாது என்பதும் தெரியும். இருவரும் வரைந்து பார்க்கலாம் என்று ஒரு போட்டி பேசப்படுகிறது. முடிவு முன்பே எழுதிவைக்கப்பட்ட போட்டி. ஆவோபா அந்தப் போட்டியைக் கேட்டு வாங்குகிறாள்.

இந்தப் பக்கங்களில் நான் அதிக நேரம் இருந்தேன். தோற்கப்போவது தெரிந்தும் ஏன் கேட்கிறாள்? பெருந்தன்மை என்று கொள்ளலாம். அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை, ஏனென்றால் அவள் முகத்தில் பெருந்தன்மை இல்லை, அழுகை இருக்கிறது. போட்டி இல்லாமல் விட்டுக்கொடுத்தால் அவளிடம் மிஞ்சுவது ஒரு மனக்குறை மட்டும். ‘எனக்கு வாய்ப்புத் தந்திருந்தால்’ என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம், பொய்யாகிவிடும் அபாயமே இல்லாத மனக்குறை. வரைந்து தோற்றால் அந்த வசதி போய்விடும். தன் படம் எவ்வளவு தூரம் வருகிறது, யாகாமியின் படம் எங்கே இருக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். ஆவோபா அதைத்தான் கேட்கிறாள்.

யாகாமி வரையும்போது ஆவோபா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள். சொல்லிக் கொடுப்பது ஒன்றுமில்லை, கை போகிற போக்கு மட்டும். எதை முதலில் வைக்கிறாள், எதை அழிக்கிறாள், எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறாள். பழைய சிற்பிகளின் பட்டறையில் சீடன் நின்றது இப்படித்தான் இருந்திருக்கும். பிறகு ஆவோபா தன் படத்தை வரைகிறாள், முழு பலத்தோடு. தோற்கிறாள். தொகுனோ கடைசி நேர அதிசயம் எதையும் நுழைக்கவில்லை. யாகாமியின் படம்தான் சிறந்தது என்று நம் கண்ணுக்கும் தெரிகிறது. விற்பனைக்காரர்கள் சொன்ன காரணம் தவறு, எடுத்த முடிவு சரி. இந்தச் சங்கடத்தை அவிழ்க்காமல் அப்படியே விட்டிருப்பதால்தான் இதை வெறும் இனிப்புக் கதை என்று என்னால் தள்ள முடியவில்லை.

*

அதன்பின் யாகாமி இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிரான்சில் ஒரு நிறுவனத்துக்குப் போகிறாள். அனிமே அந்தப் பிரிவோடு நின்றுவிடுகிறது. ஆவோபாவுக்குக் கீழே ஆள்கள் வருவதும், திருத்தி அனுப்பும் இடத்தில் அவள் உட்காருவதும் புத்தகங்களில் மட்டும்தான். ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் கொண்டுவந்திருக்கிறது.

முதல் தொகுதி சிலருக்குச் சப்பென்று இருக்கலாம். உள்ளாடை வேடிக்கையும் பட்டாம்பூச்சிக் கண்களும் பொறுமையைச் சோதிக்கலாம். பொறுத்துக்கொண்டு அந்தப் போட்டி வரும்வரையாவது வாசியுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். மாதம் சில பக்கங்கள் என்று எட்டு ஆண்டுகள் வந்த தொடர் இது, ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் தாராளம்.